கடற்கரைச் சுவர்ப்படம்: கடல் நடுவே வெள்ளைக்கோடு

பல தாள்களாகச் சுவரில் ஒட்டும் பேப்பர் வகைச் சுவர்ப்படம். ஒட்டியபோது சரியாக இருந்த தாள் இணைப்புகள் காய்ந்ததும் விலகி, நீலக் கடலின் நடுவே வெள்ளைக்கோடு தெரிந்தது. ஓரங்களில் கூடுதல் பசை தடவினேன், ரோலரால் அழுத்தினேன். மறுநாள் மீண்டும் விலகல்.

சுவரைத் துடைத்தால் கையில் புட்டித் தூள் வரவில்லை. அதனால் சுவரில் குறையில்லை, சிக்கல் தாளில்தான். பசை ஈரத்தில் தாள் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். சுவரிலேயே விரிய விட்டால் இணைப்பு பிரியும்.

புதுத் தாள் வாங்கி, பசை தடவி, பசைப்பக்கம் உள்ளே இருக்க மடித்து, ஒவ்வொன்றையும் சரியாக 8 நிமிடம் ஊறவிட்டு ஒட்டினேன். நேரம் மாறினால் விரிவும் மாறும், அலைகள் பொருந்தாது. தொடுவானத்தை மட்டக்குழாய் வைத்துக் குறித்தேன். கூரை விளிம்பை நம்பக்கூடாது, அது மட்டமாக இல்லாமல் இருக்கலாம். காயும்வரை மின்விசிறி, ஏசி போடவில்லை. கோடு போயே போச்சு, அப்பாடா!