கலாஞ்சோ ஒரு முறை பூத்ததோடு நின்றுவிட்டதா? மறுபடியும் பூக்க வைக்கலாம்

பொங்கல் சமயத்தில் எந்த நர்சரிக்குப் போனாலும் முன்வரிசையில் கலாஞ்சோ இருக்கும். ஒரு சாண் உயரச் செடி, தடித்த பளபளப்பான இலை, அதன் தலையில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று ஏதோ ஒரு நிறத்தில் பொடிப்பொடிப் பூக்கள் கொத்தாக. வாங்கி வந்தால் ஒன்றிரண்டு மாதம் பூ அப்படியே நிற்கும். அப்புறம் காய்ந்து வெறும் பச்சை இலைதான் மிஞ்சும், அடுத்த வருடமும் இலைதான், அதற்கடுத்த வருடமும் இலைதான். கடைசியில் "இது ஒரு தடவை பூக்கிற செடி போல" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. இது பல வருடம் வாழ்கிற செடி, வருடாவருடம் பூக்கும். பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் உரமோ மண்ணோ இல்லை, உங்கள் பால்கனியில் ராத்திரி எரிகிற விளக்கு. அதற்கு வருகிறேன், முதலில் செடி சாகாமல் இருக்க வேண்டுமே.

வாங்கும்போது

எல்லாப் பூவும் விரிந்து நிற்கிற செடிதான் கண்ணை இழுக்கும். அதை விட்டுவிட்டு, கால்வாசி விரிந்து மிச்சமெல்லாம் மொட்டாக இருப்பதை எடுங்கள், வீட்டில் கூடுதல் நாள் பூ இருக்கும். செடியை லேசாகச் சாய்த்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே கறுத்தோ கொழகொழவென்றோ இருந்தால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். இலையும் தண்டும் சேரும் கக்கத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, அந்தச் செடியோடு வீட்டிலிருக்கும் மற்ற செடிகளுக்கும் அது வந்து சேரும். ரோஜா போல அடுக்கு இதழ் உள்ள வகைக்குக் காலண்டிவா என்று பெயர். பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

தொட்டியும் மண்ணும்

நர்சரிச் செடி பெரும்பாலும் முழுக்க முழுக்கத் தென்னை நார்த்தூளில் வளர்ந்திருக்கும். பசுமைக்குடிலில் அளந்து தண்ணீர் விடும்போது அது சரி, நம் வீட்டில் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுக வைக்கும். பூ முடிந்ததும் மாற்றி நடுங்கள். நார்த்தூள் சொதசொதவென்று காயாமலே இருக்கிறது என்றால் பூ இருக்கும்போதே மாற்றிவிடலாம், கொஞ்சம் பூ கொட்டும், பரவாயில்லை.

ஐந்து அல்லது ஆறு அங்குல மண்தொட்டி போதும், அடியில் ஓட்டை கட்டாயம். பெரிய தொட்டியில் வைத்தால் செடி சீக்கிரம் பெரிதாகும் என்பது இதற்குப் பொருந்தாது, வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்குவதுதான் மிச்சம்.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நார்த்தூள் அரைப் பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆற்று மணல் கிடைப்பது கஷ்டம், எம்-சாண்டு என்றால் சலித்து மாவுபோன்ற தூளை நீக்கி, கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்டாக இறுகிவிடும். உடைத்த செங்கல் துண்டு இருந்தால் அதையும் சேர்க்கலாம். கலந்து தொட்டியில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளம் கட்டாமல் சில நொடியில் கீழே வடிய ஆரம்பித்தால் கலவை சரி.

நடும்போது பழைய நார்த்தூளை வேரிலிருந்து முடிந்தவரை உதிர்த்துவிடுங்கள், தண்டைப் புதைக்காமல் முன்பு இருந்த மட்டத்திலேயே வையுங்கள். நட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

தண்ணீர்

"வாரத்துக்கு எத்தனை தடவை?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி, அதற்குப் பதிலே கிடையாது. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் கீழே வடியும்வரை ஊற்றுங்கள், ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கேட்கும், மழைக்காலத்தில் பத்து நாள் ஆனாலும் கேட்காது. இலையையே கேட்டாலும் சொல்லும்: மெலிந்து சுருங்கினால் தாகம், மஞ்சளாகிக் கொழகொழத்தால் தண்ணீர் அதிகம். முதல் வகையை ஒரே நாளில் சரிசெய்யலாம், இரண்டாவதைச் சரிசெய்வது கஷ்டம். சந்தேகமாக இருந்தால் ஊற்றாதீர்கள். ஊற்றினாலும் மண்ணில் ஊற்றுங்கள், தலையில் அபிஷேகம் வேண்டாம்.

வெயில்

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும் கிழக்குப் பக்கம் இதற்கு அருமையான இடம். இலை ஓரம் லேசாகச் சிவந்தால் நல்ல வெளிச்சம் என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். ஏப்ரல், மே மதிய வெயில் மட்டும் ஆகாது, இலையில் வெந்த தழும்பு விழும். பச்சை நிழல் வலைக்குக் கீழேயோ பெரிய செடியின் நிழலிலோ தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் டீவி மேசையில் வைத்தால் தண்டு நீண்டு, இலை இடைவெளி விட்டு, செடி சோம்பலாகச் சாய்ந்து வளரும்.

இருட்டு: பூவின் சாவி இங்கேதான்

இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவின் வடபகுதி மலைகள். 1932ல் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மன் விதை வியாபாரி ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்தார், அதனால்தான் தாவரவியல் பெயரில் பிளாஸ்ஃபெல்டியானா என்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தச் செடி ராத்திரியின் நீளத்தை அளக்கும். இரவு நீண்டு, அதுவும் இடையில் வெளிச்சம் படாமல், சில வாரம் தொடர்ந்தால்தான் நுனியில் இலைக்குப் பதில் மொட்டு வைக்கும். அளக்கும் வேலையைச் செய்வது இலை. நடு ராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கு பட்டாலே நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாக எடுத்துக்கொள்ளும், "இன்னும் காலம் வரவில்லை" என்று இலை விட்டுக்கொண்டே இருக்கும்.

சென்னையில் ஜூன் மாதப் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் போல. அதாவது அக்டோபரிலிருந்து நம் ஊர் இரவே இதற்குப் போதுமான அளவுக்கு நீண்டுவிடுகிறது. ஊருக்கு வெளியே, தெருவிளக்கு எட்டாத மாடியில் இருக்கும் கலாஞ்சோ யாரும் ஒன்றும் செய்யாமலே பூப்பது இதனால்தான். நகரத்து பால்கனியில் ஒருபக்கம் தெருவிளக்கு, இன்னொரு பக்கம் பதினொரு மணிவரை ஹால் லைட், எதிர்வீட்டு எல்ஈடி வேறு.

செய்ய வேண்டியது இதுதான். அக்டோபர் முதல் வாரத்தில் ஆரம்பியுங்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியைச் செடிமேல் கவிழ்த்து, காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள், 14 மணி நேர இருட்டு கிடைத்துவிடும். பெட்டி இலையை நசுக்காத அளவில் இருக்கட்டும், இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தால் டேப் ஒட்டுங்கள். வெயில் இருக்கும்போதே மூடாதீர்கள், உள்ளே வெந்துவிடும். பகலில் வழக்கம்போல நல்ல வெளிச்சம் வேண்டும், இரவில் இருட்டறை என்றால் பகலிலும் அங்கேயே வைத்துவிடாதீர்கள். ஆறு வாரம் இப்படிச் செய்யுங்கள். ஒன்றிரண்டு நாள் மறந்தால் குடி முழுகாது, வாரத்தில் பாதி நாள் மறந்தால் பலன் கிடைக்காது. நுனியில் மொட்டுக் கொத்து கண்ணுக்குத் தெரிந்ததும் பெட்டியை நிறுத்திவிடலாம். அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் கடைசி, ஜனவரியில் பூ.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. செடி மொட்டு வைக்கத் தயாராகும் அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். எனவே இந்தக் காலத்தில் தொட்டி கூரைக்கு அடியில்தான் இருக்க வேண்டும், தண்ணீரையும் வழக்கத்தைவிடக் குறையுங்கள். உரத்தையும் நிறுத்துங்கள். தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழுக்கும். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் ஊற்றினால் பூ கொத்துக்கொத்தாகப் பூக்கும் என்று பார்க்கும் இடமெல்லாம் சொல்கிறார்கள். ராத்திரி வெளிச்சம் படுகிற செடிக்கு எதை ஊற்றினாலும் பூக்காது, கொசுவும் ஈயும்தான் வரும்.

பூ முடிந்த பிறகு

காய்ந்த பூக்கொத்தை, அதன் தண்டில் ஒரு ஜோடி நல்ல இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை வரும், அடுத்த பருவத்தில் பூக்கொத்தும் கூடும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை ஒரு ஸ்பூன் மண்புழு உரம் போதும்.

மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுங்கள். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். முதலில் ஒரு இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள், சதைப்பற்றுள்ள இலை எண்ணெயில் கருகும் வாய்ப்பு உண்டு. மழைக்காலத்தில் இலைமேல் வெள்ளைப் பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய், அந்த இலையைக் கிள்ளிவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கலாஞ்சோ இனச் செடிகளில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. ஆடு, மாடு, நாய், பூனை கடிக்கக்கூடாது, குழந்தைக்கும் எட்டக்கூடாது. வெட்டிய கிளைகளை மாட்டுக்குப் போடும் குப்பையில் சேர்க்காதீர்கள்.

புதுச்செடி வேண்டுமா? ரணகள்ளியும் இதே இனம்தான், "கட்டிப்போட்டால் குட்டி போடும்" என்று அதைச் சொல்வார்களே, இலை ஓரத்திலேயே குட்டிச்செடி வரும். அதைப் பார்த்துவிட்டுக் கலாஞ்சோ இலையையும் மண்ணில் போட்டுக் காத்திருக்காதீர்கள், இது அப்படிக் குட்டி போடாது. தண்டுதான் நல்ல வழி. மூன்று அங்குல நீளத்தில் பூவில்லாத நுனியை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, நிழலில் இரண்டு மூன்று நாள் வெட்டுவாய் காயட்டும். பிறகு பாதி மணல், பாதி நார்த்தூளில் குத்தி வையுங்கள், லேசான ஈரம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும், மெதுவாக இழுத்தால் பிடிப்பு தெரியும். பூ முடிந்து கவாத்து செய்யும்போது கிடைக்கிற தண்டுகளை மார்ச்சிலேயே நட்டுவிட்டால், அக்டோபரில் பெட்டி கவிழ்க்கும் அளவுக்கு அவையும் வளர்ந்துவிடும். பெட்டியை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தேடிக்கொள்ளுங்கள்.