புது கோச்சா? முதலில் ஒரு கயிறு வாங்குங்கள்

கிருஷ்ணகிரியில் எங்களோடு ஆடும் தம்பி ஒருவன் ஏஐஎஃப்எஃப் (அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம்) நடத்தும் டி லைசென்ஸ், அதாவது கோச்சுகளுக்கான தொடக்கப் படிப்பை, முடித்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு சாயங்காலம் கோல் வலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டான்: "அண்ணா, தோத்துக்கிட்டே இருக்கிற ஒரு ஐஎஸ்எல் டீமைக் கையில கொடுத்தா முதல்ல என்னண்ணா பண்ணணும்?" ஐஎஸ்எல் என்பது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி. அந்த வேலைக்கு ப்ரோ லைசென்ஸ் வரை ஏறிப் போக வேண்டும், அது தனிக்கதை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அன்றைக்கு இருட்டும் வரை அவனிடம் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வந்த உடனே ஆளை மாற்றாதீர்கள். தோற்கிற டீம் என்றாலே ஆட்டக்காரர்கள் சரியில்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். 2019 டிசம்பரில் ஓவன் காய்ல் கோச்சாக வந்தபோது ஐஎஸ்எல்லில் ஆடும் சென்னையின் எஃப்சி அட்டவணையின் அடிப்பகுதியில் கிடந்தது, அதே சீசனில் ஃபைனல் வரை போனது. அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் சரி, நடுவில் நின்று பந்து பிரித்துக் கொடுத்த கிரிவெல்லாரோவும் சரி, காய்ல் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள்தான்.

அதனால் முதல் வாரம் முழுக்கப் பாருங்கள், கேளுங்கள். கடைசிப் பத்து மேட்ச் வீடியோவை எடுத்து, வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கோல் விழுந்த நொடியை விடுங்கள், அதற்கு முன்னால் நம் ஆள் பந்தை எங்கே பறிகொடுத்தான் என்று பார்த்து அங்கே வீடியோவை நிறுத்துங்கள். பந்துக்குப் பின்னால் நம் ஆட்கள் எத்தனை பேர்? பந்தைத் தொலைத்தவனுக்குப் பக்கத்தில் யார், எத்தனை மீட்டர் தள்ளி? நான் எங்கள் பையன்களின் மேட்சை போனில் எடுத்து இப்படிப் பார்த்தபோது, கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்த பாதி கோல்களுக்கு அவன்மேல் தப்பே இல்லை என்று தெரிந்தது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, மறுநாள் போய் அவனிடம் சொன்னேன். அப்புறம் பிசியோவிடம் உட்கார்ந்து பேசுங்கள், ஜெர்சி துவைத்து மடிக்கிற அண்ணனிடமும் பேசுங்கள். யார் யாரோடு பேசுவதில்லை, யார் வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறான் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வாரத்தில் கயிறு. தோற்கிற டீமில் முதலில் கெட்டுப்போவது ஆட்களுக்கு நடுவில் இருக்கும் தூரம். பயம் வந்துவிட்டால் பின்னால் நிற்பவர்கள் இன்னும் பின்னால் போவார்கள், கோல் அடித்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் முன்னால் இருப்பவர்கள் இன்னும் முன்னால் ஓடுவார்கள், நடுவில் ஒரு வயக்காடே காலியாகக் கிடக்கும். 1987-ல் இத்தாலியின் ஏசி மிலான் கிளப்புக்குக் கோச்சாக வந்த அரிகோ சாக்கி, கடைசி டிஃபெண்டரிலிருந்து ஃபார்வர்ட் வரை 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், பந்தே இல்லாமல் பதினொரு பேரையும் நகர வைத்துப் பயிற்சி கொடுத்தார். 1989, 1990 இரண்டு வருடமும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை மிலானுக்குத்தான்.

நாங்கள் செய்வது இது: மாட்டுக்குக் கட்டுகிற கயிறு வாங்கி, பின்வரிசை நாலு பேரையும் இடுப்பில் தளர்வாகக் கட்டுவோம், ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் எட்டு மீட்டர். பந்தோடு ஒருவன் எதிரில் இடமும் வலமுமாக நடப்பான், ஓட்டம் கூடாது, நடைதான். இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் பேக் மட்டும் பந்தைப் பார்த்துப் போனால் கயிறு விறைத்துப் பக்கத்தில் நடுவில் நிற்கும் ஸ்டாப்பரை இழுக்கும், அவன் தடுமாறி "டேய், சொல்லிட்டுப் போடா" என்று கத்துவான். எனக்கு வேண்டியது அந்தக் கத்தல்தான். கால் மணி நேரத்தில் கயிறு தொய்ந்த மாதிரியே நாலு பேரும் சேர்ந்து நகர ஆரம்பிப்பார்கள், அப்போது அவிழ்த்துவிட்டு அதையே கயிறில்லாமல் செய்யச் சொல்வேன். ப்ரொஃபெஷனல் டீமில் கயிறு கட்டுவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

கார்னர், ஃப்ரீ கிக் இரண்டுக்கும் வாரத்தில் ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். குறைந்த நாளில் பலன் தெரிகிற இடம் அது.

டிரெஸ்ஸிங் ரூம் விஷயத்தில் ஒரே அளவுகோல் வையுங்கள், பெரிய ஆளுக்கும் அதேதான். இங்கிலாந்தின் ஆர்செனல் கிளப்பில் கோச் மிகேல் ஆர்டெட்டா 2021 டிசம்பரில் ஒழுங்கு மீறிய ஒபமெயாங்கிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்தார், இரண்டு மாதத்துக்குள் ஒபமெயாங் கிளப்பை விட்டே போனார். ஆனால் இது கடைசியில் எடுக்கிற மருந்து. அதற்கு முன் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தடவையாவது பேசிப் பாருங்கள், எல்லோர் முன்னாலும் ஒருவனை அவமானப்படுத்திவிட்டால் மீதி இருபது பேரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

புது ஆட்கள் இதற்கெல்லாம் பிறகுதான். எங்கள் சந்தூர் பக்கம் வயசான மாமரத்தில் ரகம் மாற்றும்போது எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்ட மாட்டார்கள், ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டு வைப்பார்கள், புது ஒட்டு பிடிக்கும் வரை மரத்துக்குச் சோறு போடுவது அதுதான். ஷாபி அலோன்ஸோ 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்குக் கோச்சாக வந்தபோது அது அட்டவணையில் கடைசிக்கு முந்தைய இடம். இருந்த ஆட்களை வைத்தே அந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்தார், அடுத்த கோடையில்தான் ஜாக்கா, கிரிமால்டோ, போனிஃபேஸ் எல்லாம் வந்தார்கள். 2023-24-ல் 34 லீக் மேட்சில் ஒன்றுகூடத் தோற்காமல் பட்டம். எந்த இடம் காலி என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் நாலு பேரைக் கேட்பதற்குப் பதில் இரண்டு இடத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளூர்ப் பையன்களை மறக்காதீர்கள். கோயம்புத்தூரில் ஆடி 2018-19 ஐ-லீக் என்ற தேசியப் போட்டியை ஜெயித்த சென்னை சிட்டியில், கோச் அக்பர் நவாஸ் ஸ்பெயின்காரர்களோடு தமிழ்நாட்டுப் பையன்களையும் சேர்த்துத்தான் இறக்கினார்.

ஓனரிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஆர்டெட்டா முதல் இரண்டு சீசனும் எட்டாவது இடத்தில்தான் முடித்தார், கிளப் பொறுத்துக்கொண்டது, 2022-23-ல் இரண்டாவது இடத்துக்கு வந்தார். எத்தனை மாதம் தருவீர்கள், ஆளை வாங்குவதில் கடைசி வார்த்தை யாருடையது, வரிசையாக ஐந்து மேட்ச் தோற்றால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அந்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் தம்பியிடமும் சொன்னேன்.