டிக்கெட்டில் இருக்கும் நேரம் மட்டும் பயண நேரம் இல்லை

கீழக்கரையில் எங்கள் சொந்தத்தில் யார் விமானம் ஏறினாலும் டிக்கெட் பார்த்துக் கொடுப்பது நான்தான். "மதுரையிலிருந்து சென்னைக்கு அரை மணி நேரம்தானாமே?" என்று போனில் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர். அதை ஜெட் விமானத்தின் 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் அரை மணி நேரம் வரும்தான். ஆனால் இந்த வழியில் ஓடும் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும். ஏறவும் இறங்கவும் நேரம் வேண்டும், சென்னையில் இறங்க வரிசை இருந்தால் வானத்திலேயே சுற்ற வேண்டும். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பது அதனால்தான். அந்தக் கணக்கை நம்புங்கள். தூரம் 225 என்று எங்காவது பார்த்தால் அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

தூரம் காட்டினால் விமானமும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நேர்கோட்டில் 123 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. வரைபடத்தில் உச்சிப்புளி ஓடுதளத்தைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் கேட்பவர்களும் உண்டு. அது ‘பருந்து’ என்ற கடற்படை விமானத் தளம், பயணிகள் விமானம் கிடையாது.

நம் பக்கத்தில் நேரத்தைத் தின்பது சாலைதான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பரமக்குடி தாண்டினால் நாலு வழிச்சாலை. அதுவரை இருவழிதான், முன்னால் ஒரு வைக்கோல் லாரி போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டும். காலை 10 மணி விமானத்துக்கு 9 மணிக்கே கவுன்டரை மூடிவிடுவார்கள். 8 மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் 4.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் பாம்பன் பாலத்துக்காக இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வளைகுடா போகிறவர்கள் தேதியில் தவறுகிறார்கள். எங்கள் காக்காவுக்கு (அண்ணனுக்கு) நடந்தது இது. டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 00.20. 15 அன்று ராத்திரி கிளம்பலாம் என்று உம்மா கருவாட்டுப் பொட்டலத்தை அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டிருந்தது. 00.20 என்றால் 14-ஆம் தேதி படுக்கப் போகும் நேரம். அன்று உம்மா அழுததை நான் மறக்கவில்லை.

சேரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். 00.20-க்கு ஏறி 3.00-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் பறப்பது 4 மணி 10 நிமிடம். சர்க்கரை மாத்திரையும் சாப்பாடும் எடுத்துப் போகும் பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் டிக்கெட்டை அச்சடித்ததும், பின்பக்கத்தில் பேனாவால் பெரிதாக எழுதிவிடுகிறேன். திருச்சியில் வெள்ளி 00.20 விமானம் என்றால் இப்படி: "வியாழக்கிழமை. அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுதவுடன் வேன்."