பெயரைவிடப் பண்ணையைத் தேடுங்கள்: ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பில் ஒரு வேளாண் குடும்பம்

ஸ்காட்லாந்தின் 19-ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரை மட்டும் வைத்து முன்னோரைத் தேடினால் வழி தவறிவிடும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். பண்ணையின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1851-இல் தொடங்குவது நல்லது. அந்த ஆண்டு முதல்தான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, சரியான வயது, பிறந்த பாரிஷ் (தேவாலய வட்டாரம்) எல்லாம் பதிவாகின. விவசாயி என்றால் எத்தனை ஏக்கர், எத்தனை ஆட்கள் என்றும் கேட்டார்கள். '120 ஏக்கர், 3 ஆட்கள்' என்று எழுதியிருந்து, வீட்டில் ஒரே ஒரு வேலைக்காரர்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்ற இருவரை முன்னும் பின்னும் இரண்டு பக்கங்கள் புரட்டித் தேடுங்கள். மணமான பண்ணையாட்களுக்குத் தனிக் குடிசைகள் உண்டு. அவர்களைக் 'காட்டர்' என்பார்கள். மணமாகாதவர்கள் பல இடங்களில் 'பாத்தி' என்ற ஆண்கள் கொட்டகையில் தங்கினார்கள். பண்ணைப் பெயர் ஒன்றாக இருக்கும், வீட்டு எண் மட்டும் மாறும். முதல் வீட்டை மட்டும் எழுதிக்கொண்டால் பண்ணையில் பாதி விட்டுப்போகும்.

ஏர் ஓட்டியவர்களைப் பத்தாண்டு கழித்து அதே பண்ணையில் எதிர்பார்க்க வேண்டாம். மணமாகாதவர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு மாதம், மணமானவர்களுக்கு ஒரு வருடம். காட்டர் குடும்பம் எங்கெல்லாம் அலைந்தது என்பதைப் பிள்ளைகளின் பிறந்த ஊர்ப் பத்தி காட்டும். மூத்தவன் ஒரு பாரிஷ், நடுவில் ஒருத்தி இன்னொன்று, கைக்குழந்தை மூன்றாவது என்றால், அதுவே அவர்கள் வேலை தேடிப் போன பாதை.

1841-க்குப் போகும்போது கவனம் தேவை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை அதற்குக் கீழுள்ள ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 35 என்றிருந்தால் 35 முதல் 39 வரை எதுவாகவும் இருக்கலாம். அதாவது 1801 ஜூனுக்கும் 1806 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர். உறவுமுறையும் கிடையாது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட பெண் மனைவியா, தங்கையா என்று ஏட்டை வைத்துச் சொல்ல முடியாது. 1855-க்குப் பிந்தைய இறப்புப் பதிவு இங்கே கைகொடுக்கும். அதில் பெற்றோர் இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கேட்கப்பட்டன. ஃபைஃப் மாவட்டத்தில் பல பாரிஷ்களின் 1841 ஏடுகள் தொலைந்தே போயின. அங்கே வெறுங்கையோடு திரும்பினால் உங்கள் தேடலில் பிழை இல்லை.

1861 முதல் ஜன்னலுள்ள அறைகளின் எண்ணிக்கையும் உண்டு. ஒரே பண்ணைப் பெயரில் நான்கு வீடுகள் இருந்தால், எட்டு அறை உள்ளது குத்தகைதாரர் வீடு, இரண்டு அறை உள்ளது காட்டர் குடிசை என்று ஏறத்தாழ ஊகிக்கலாம்.

பெண்களின் தொழில் கட்டம் அடிக்கடி வெறுமையாக இருக்கும். அதை 'வேலை இல்லை' என்று தயவுசெய்து படிக்காதீர்கள். பால் கறந்ததும், வெண்ணெய் கடைந்ததும், டர்னிப் வயலில் களையெடுத்ததும் அவர்கள்தான். கணக்கெடுப்பாளர் எழுதவில்லை, அவ்வளவே.

ஏட்டுப் பக்கங்களின் படம் ஸ்காட்லாந்து அரசின் ஆவணத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் கட்டணத்துக்குக் கிடைக்கும். பண்ணைப் பெயரின் எழுத்து ஏட்டுக்கு ஏடு மாறுவதால், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாக வைத்திருக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடத்தை, ஒரு மைலுக்கு ஆறு அங்குல அளவில் உள்ளதை, அருகில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் அடுத்தடுத்து வரும் பண்ணைகள் வரைபடத்திலும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.