அணை முகப்பில் பிவிசி விரிப்பு: தவறுகள் எங்கே நடக்கின்றன?

கோவை மாவட்டக் கடம்பாறை கருங்கல் அணையில் நிமிடத்துக்கு சுமார் 38,000 லிட்டர் வரை நீர் கசிந்தது. 2005-இல் நீர்ப்பக்க முகப்பில் பிவிசி ஜியோமெம்பிரேன் (நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பு) பொருத்திய பிறகு அது சொற்ப அளவுக்கு இறங்கியது. பழைய கான்கிரீட் அணைக்கும் முறை இதேதான். ஆனால் நல்ல ஷீட்டாக வாங்கி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

ஒட்டவே கூடாது. அணையின் உடம்பு முழுக்க ஈரம் ஊறியிருக்கும். நீர்த்தேக்கம் வேகமாக இறங்கினால் அந்த நீர் பின்னாலிருந்து ஷீட்டை உப்பித் தள்ளும். விரிசல் விரிந்தாலும், ஒட்டிய ஷீட் இழுபட்டுக் கொடுக்க இடமில்லாமல் அங்கேயே கிழியும். எனவே, ஜியோடெக்ஸ்டைல் துணி சேர்த்த 2.5 மி.மீ. பிவிசியைச் செங்குத்தான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகளால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்னால் வரும் நீர் அடியில் சேர்ந்து குழாய் வழியே கேலரிக்குள் (அணைக்குள் ஓடும் ஆய்வுச் சுரங்கம்) விழ வேண்டும். மேலே காற்றுக்குழாயும் தேவை. மொத்த முகப்புக்கும் ஒரே வடிகால் வைத்தால் பிறகு ஓட்டை எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் விடுங்கள்.

முகப்பு முழுவதும் சிமென்ட் பூசுவது வீண் செலவு. பூச்சு உதிர்ந்தால் ஷீட்டுக்குப் பின்னால்தான் குவியும். உயரழுத்த நீரால் கழுவி, தளர்ந்ததைத் தட்டி எடுத்து, பள்ளங்களை மட்டும் அடைத்தால் போதும். கரடுமுரடான கல் முகப்பென்றால் சதுர மீட்டருக்கு 2,000 கிராம் எடையுள்ள தடிமனான ஜியோடெக்ஸ்டைல் துணியை அடியில் விரிக்கலாம்.

பெரும்பாலான தோல்விகள் விளிம்பில்தான். அங்கே எபாக்சியால் சமன்செய்த தளம், ரப்பர் கேஸ்கெட், அதன்மேல் தட்டை எஃகுப் பட்டை, சுமார் 15 செ.மீ.க்கு ஒரு நங்கூர போல்ட் என்று வரும். தளம் மேடுபள்ளமாக இருந்தாலோ போல்ட்டுகளின் முறுக்கு ஒரே அளவாக இல்லாவிட்டாலோ அழுத்தம் சீராக விழாது. இரண்டு பட்டைகள் சந்திக்கும் இடத்தில் இணைப்புத் தகடு இல்லாவிட்டால் நீர் அங்கேயே நுழையும். நுண்துளைகள் நிறைந்த கான்கிரீட்டில் விளிம்பை முடித்தால் நீர் ஷீட்டைச் சுற்றிக்கொண்டு வரும். அடித்தளப் பாறை வழியே வரும் கசிவை எந்த விரிப்பும் நிறுத்தாது, அதற்கு கிரௌட்டிங்தான் (பாறை விரிசல்களுக்குள் சிமென்ட் கலவையை அழுத்திச் செலுத்துவது). எது எங்கிருந்து வருகிறது என்பதை வெவ்வேறு நீர்மட்டங்களில் வி-நாட்சில் (கசிவு நீரை அளக்கும் வி வடிவ வெட்டுள்ள தகடு) அளவெடுத்து டெண்டருக்கு முன்பே பிரித்தறிய வேண்டும்.

வெல்டிங்கில் ஈரமும் தூசியும்தான் எதிரி. தினமும் காலையில் மாதிரித் துண்டை வெல்ட் செய்து உரித்துப் பாருங்கள். பிரிந்தால் சூட்டையும் வேகத்தையும் மாற்றுங்கள்.

முதல் நிரப்பலின்போது மட்டத்தை நிறுத்தி நிறுத்தி ஏற்றி, ஒவ்வொரு பகுதிக் குழாயின் நீரையும் தனியாக எழுதி வையுங்கள். மட்டம் உயராமலே ஒரு குழாயில் மட்டும் நீர் கூடினால், பழுது அந்தப் பகுதியில்.