பண்ணையில் தங்கி விவசாயம் பழகுவது எப்படி?

சொந்த நிலமில்லை, வேளாண் பட்டமும் இல்லை, ஆனால் விவசாயம் பழக ஆசை. இப்படி இருப்பவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்து வேலை பழக்கும் பண்ணைகள் உண்டு. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அதற்குத் தயாரென்றால் மேலே படியுங்கள்.

1. எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள். இயற்கை விவசாயம் என்றால் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூரில் உருவாக்கிய வானகம் பண்ணை இருக்கிறது. காடு வளர்ப்பு என்றால் ஆரோவில்லில் 2003-ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட். அங்கே சாப்பாடு முழுக்க நனி சைவம் (வீகன்), பால் டீ கிடைக்காது.

2. ஊர் தாண்டிப் போக நினைத்தால் தங்கி வேலை பழக வருபவர்களை இயற்கைப் பண்ணைகளோடு இணைக்கும் வூஃப் (WWOOF) அமைப்பைப் பாருங்கள். 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கியது, இந்தியாவிலும் உண்டு. சந்தா கட்டினால் இயற்கைப் பண்ணைகளின் பட்டியல் கிடைக்கும். வழக்கமாக நாளுக்கு 4 முதல் 6 மணி நேர வேலை.

3. கடிதம்தான் முக்கியம். ‘இயற்கையை நேசிக்கிறேன்’ என்று அரைப் பக்கம் எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை. இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். ஈரோடு, வயது 23, பி.காம். முடித்திருக்கிறேன். நவம்பர் 3 முதல் 16 வரை தங்கி வேலை செய்ய வரலாமா? வயல் வேலை தெரியாது. பத்துப் பேருக்குச் சமைப்பேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன், டூவீலர் ஓட்டுவேன்.”

அந்தச் சமையல் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சான்றிதழைவிட அதற்குத்தான் சீக்கிரம் பதில் வரும்!

4. பதில் வந்ததும் போன் போடுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்: அண்ணா, எத்தனை மணி நேரம் வேலை? வார லீவு உண்டா? சாப்பாட்டுக்குப் பணம் கட்டணுமா? யார் சொல்லிக்கொடுப்பார்கள்? பெண்கள், தனி அறையா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வேறு பெண்கள் தங்கியிருக்கிறார்களா என்பதையும் கேட்டே ஆகவேண்டும். காலை முதல் மாலை வரை களையெடுக்க மட்டும் ஆள் தேடும் இடத்தில் பயிற்சி என்ற பேரில் கூலி மிச்சம் பிடிக்கிறார்கள். தவிர்த்துவிடுங்கள்.

5. பருவம் பாருங்கள். நடவு பழக அக்டோபர், நவம்பர் நல்லது. ஏப்ரல், மே வெயிலில் புதியவர்கள் சமவெளிக்குப் போகவேண்டாம்.

6. முழுக்கைச் சட்டை, தொப்பி, டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். மண்வெட்டிப் பிடியை இறுக்கிப் பிடித்தால் முதல் நாளே உள்ளங்கை கொப்பளிக்கும். தளர்த்திப் பிடித்து, எடையை அதன் போக்கில் விழவிடுங்கள்.

7. சில பண்ணைகள் குறைந்தது இத்தனை நாள் என்று நிபந்தனை வைக்கும். மற்ற இடங்களில் முதல் தடவை இரண்டு வாரம் போதும். பிடித்திருந்தால் அங்கேயே நீட்டித்துக் கேளுங்கள்.