இளவேனில் காட்டில் கை சும்மா இருக்கட்டும்

பாதையோரம் ஒரு பறவைக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. வால் முளைத்தும் முளைக்காமலும் கட்டையாக இருந்தது. வாயோரத்து மஞ்சள் இன்னும் மறையவில்லை. தாயைக் காணோம். துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். புண்ணியம் செய்வதாகத்தான் நினைப்பு. அதைத் தாயிடமிருந்து பிரித்தவனே நான்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இளவேனிலில் காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கை சும்மா இருப்பதில்லை, அவ்வளவுதான். வருடத்தின் மற்ற மாதங்களில் இதனால் பெரிய கேடு வராது. இளவேனிலில் வரும். காடு முழுக்கக் கூடும் குஞ்சும் தளிருமாக இருக்கும் காலம் அது.

குஞ்சு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பல பறவைகளின் குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சில நாட்கள் தரையிலும் புதரிலும் தத்தித் திரியும். தாய் எங்கேயும் போயிருக்காது. அலகில் புழுவை வைத்துக்கொண்டு பக்கத்துக் கிளையில், நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று காத்திருக்கும். அதனால் குஞ்சைக் கண்டதும் அதன் உடம்பைப் பாருங்கள். இறகு மூடியிருந்தால் தானாக இறங்கிய குஞ்சு. விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். மிதிபடும் இடமென்றால் இரண்டடி தள்ளிப் புதர் மறைவில் வைக்கலாம். இறகே இல்லாமல் தோல் தெரிந்தால் அது தவறி விழுந்தது. கூடு கைக்கு எட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அது வெறும் பேச்சு. வாடைக்காகக் குஞ்சைக் கைவிடும் வழக்கம் பறவைகளிடம் இல்லை.

மான்குட்டி இன்னும் ஏமாற்றும். பிறந்த புதிதில் அதற்கு ஓடித் தப்பிக்கக் காலில் பலம் இருக்காது. அதனால் தாய் அதைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். பக்கத்திலேயே நின்றால் வேட்டை விலங்குக்குத் தானே அடையாளம் காட்டியதுபோல் ஆகிவிடும். குட்டிக்கு வாடையும் குறைவு. முதுகுப் புள்ளிகள் இலை வழியே விழும் வெயில் திட்டுகளோடு கலந்துவிடும். நீங்கள் காலடியில் வந்து நின்றாலும் அது அசையாது. அதைப் பார்த்து ‘பாவம், அநாதை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். படம் எடுக்கிறேன் என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றால், பால் கொடுக்க வரும் தாயை அவ்வளவு நேரம் தடுத்து வைக்கிறோம் என்று அர்த்தம்.

குளிர் நாட்டுக் காடுகளில் தரையெல்லாம் பூ விரியும் காட்சிக்குத் தனிக் கூட்டமே உண்டு. மரங்கள் இலை விட்டுத் தரையை நிழலால் மூடும் முன், கிடைக்கும் சில வார வெளிச்சத்துக்குள் இலை விட்டு, பூத்து, அடுத்த வருடத்துக்கான உணவையும் கிழங்கில் சேர்த்துவிட வேண்டிய அவசரம் அந்தச் செடிகளுக்கு. நீலக் கம்பளமாக விரியும் புளூபெல் அப்படிப்பட்டது. விதை விழுந்து பூ வர நான்கைந்து வருடமாவது ஆகும். பூவைப் பறிக்காதே என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் படத்துக்காகப் பூக்களுக்கு நடுவே போய் உட்காருவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நசுங்கிய இலையால் உணவு செய்ய முடியாது. கிழங்கு பட்டினி கிடக்கும். வட அமெரிக்கக் காட்டு டிரில்லியத்துக்குப் பூத்தண்டில் இருப்பதே மூன்று இலைதான். பூவோடு அதையும் கிள்ளிவிட்டால் செடிக்கு அந்த வருடச் சாப்பாடு மொத்தமும் போச்சு. வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டனில் நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இதுவரை சொன்னதில் சேதம் காட்டுக்கு. அடுத்தது நம் உயிருக்கே உலை வைப்பது.

ஐரோப்பியக் காடுகளில் இளவேனில் வந்ததும் காட்டுப் பூண்டின் இலையைப் பறித்துச் சமைப்பார்கள். அதே ஈரத்தில், அதே நேரத்தில், ஏறக்குறைய அதே இலையோடு லில்லி ஆஃப் த வேலியும் கால்ச்சிகமும் முளைக்கும். இரண்டுமே கடும் விஷம். கால்ச்சிகம் இன்னும் மோசம். அதன் பூ வருவது இலையுதிர் காலத்தில்தான். எனவே இளவேனிலில் வெறும் இலை மட்டுமே நிற்கும், பூவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதிலுள்ள கால்ச்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கும் அதே நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. தின்று பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். உயிர்கள் போயிருக்கின்றன.

‘கசக்கி முகர்ந்து பார், பூண்டு வாசம் வந்தால் சரி’ என்பதுதான் பலரும் சொல்லும் சோதனை. முதல் இலைக்கு அது சரி. இரண்டாவது இலைக்குள் விரலெல்லாம் பூண்டு வாசம் ஏறியிருக்கும். அப்புறம் எதைக் கசக்கினாலும் பூண்டாகத்தான் மணக்கும். மூக்கைவிடக் கண் மேல். காட்டுப் பூண்டில் ஒவ்வொரு இலையும் தனிக் காம்போடு தரையிலிருந்து வரும். லில்லியில் ஒரே தண்டில் பெரும்பாலும் இரண்டு இலை. கால்ச்சிகத்துக்குக் காம்பே கிடையாது. மூன்றும் கலந்து வளரும் இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளுவது தற்கொலைக்குச் சமம். என்னைக் கேட்டால், சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் கூட இல்லாதவரை காட்டில் எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

சின்ன விஷயங்கள் சில. தவளை முட்டையையோ தலைப்பிரட்டையையோ ஒரு குளத்திலிருந்து அள்ளி இன்னொன்றில் விடாதீர்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை தண்ணீரோடு சேர்ந்தே பயணம் செய்யும். மட்கிய கட்டையைப் புரட்டினால் அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழாகத் திரும்ப வையுங்கள். நடந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இளம் உண்ணி எள்ளளவுகூட இருக்காது. கடித்திருந்தால் எண்ணெய் விடுவதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். தோலை ஒட்டிக் குறடால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

எதையும் தொடாமலே செய்யும் தவறும் உண்டு. வெப்பக் காடுகளில் தூரத்துச் சரிவு செக்கச் செவேல் என்று தெரிந்தால் மரம் பூத்திருக்கிறது என்று எழுதிவைத்துவிடுவோம். கிட்டே போனால் பூவே இருக்காது. பூவம் மரம் தளிர்க்கும்போது இலையே அப்படித்தான் சிவந்திருக்கும். பச்சையம் நிரம்பும் வரை ஆந்தோசயனின் நிறமி முன்னால் நிற்பதால் வரும் சிவப்பு அது. மாந்தளிர் மேனி என்று நம் புலவர்கள் பாடினார்களே, அந்த நிறம்.

பறவையின் பாட்டிலும் இப்படித்தான் ஏமாறுகிறோம். குயிலை எப்போதும் பெண்ணாகவே பேசிப் பழகிவிட்டோம். கூக்கூ என்று ஏறிக்கொண்டே போகும் அந்தப் பாட்டு சிவந்த கண்ணுடைய கருப்பு ஆணுடையது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு, கிக்-கிக் என்று கத்திக்கொண்டு பறப்பதுதான் பெண்.

கடைசியாகக் கைப்பேசி. பறவையை வரவழைக்க அதன் குரலையே ஒலிக்கவிடும் பழக்கம் பெருகிவிட்டது. ஆண் பறவைக்கு அது பாட்டு இல்லை, எல்லைக்குள் எதிரி நுழைந்த சத்தம். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியை விரட்டிக் கிளை கிளையாகத் தாவிக்கொண்டிருக்கும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளால் அந்தக் கெடுதல் இல்லை, ஆனால் அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாகப் பாடும். திரையில் நாலைந்து பெயர்கள் வரிசையாக ஏறுவதைப் பார்த்துப் பூரித்துப்போய் அண்ணாந்தேன். கிளையில் ஒரே ஒரு கரிச்சான், நீண்ட வாலின் நுனியில் இரண்டு துடுப்புகள் ஆட, அடுத்த குரலுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.